புல்லில் ஒரு தடம்

"சுவர் எழுப்பித்தான் ஆகணும் மேடம். தினம் அவன் மூஞ்சியில முழிச்சுக்கிட்டு என்னால காப்பி குடிக்க முடியாது!" என்றார் அண்ணன், வீடுகளைக் கட்டிக்கொடுத்த கட்டடக் கலைஞரிடம்.

"எனக்கு மட்டும் உங்க தரிசனம் கேக்குதா?" என்றான் எதிர் வீட்டுத் தம்பி.

எட்டு வீடுகளுக்கும் நடுவே பொதுப் புல்வெளி. இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன ஒரே விஷயம், அதன் குறுக்கே ஒரு சுவர்.

கொழுந்தன் குழந்தையை ஒரு நாள் தூக்காவிட்டால் அண்ணன் மனைவிக்குச் சோறு இறங்காது. கணவனுக்குத் தெரியாமல்தான் போய் வருகிறாள். சுவர் வந்தால் அதுவும் போச்சு.

கட்டடக் கலைஞர் அசரவில்லை.

"வீட்டைக் கொடுக்கும்போதே சொன்னேனே. பாதை இப்பப் போட மாட்டேன், நீங்க நடந்து புல் தேஞ்ச இடத்துல கல் பதிப்பேன்னு. கேட்டுக்கு ஒரு தடம், ஊஞ்சலுக்கு ஒரு தடம். இதோ, நட்டநடுவுல இன்னொண்ணு. உங்க வாசல்லேருந்து அவர் வாசலுக்கு. நடக்கிற வழியை நான் அடைக்க மாட்டேன். யார் நடந்தது?"

மனைவி, வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"நான்தான். மத்தியானம் இவ கண்ணசந்ததும்... குழந்தையை ஒரு எட்டுப் பார்க்க..."

"அடப்பாவி மனுஷா! நானும் அதுக்குத்தானே போறேன்!"

தம்பி தலையைச் சொறிந்தான். "உங்க ஸ்கூட்டருக்கு வாராவாரம் யாருண்ணே காத்தடிக்கிறா? தானா வீங்குதா?"

"அதானே பார்த்தேன்!" என்று அண்ணன் அவன் முதுகில் ஒன்று வைத்தார். இரண்டு வருடக் கோபம் அந்த அடியோடு சரி. சுவர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

எல்லோரும் குழந்தையைப் பார்க்க உள்ளே போனதும், மனைவி மெல்லத் திரும்பி வந்தாள்.

"மேடம், ஒரு சந்தேகம். நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னாலதான் பதுங்கிப் போவேன். அவரும் அப்படித்தானாம், கொழுந்தனும் அப்படித்தானாம். அப்ப நடுப்புல்லுல நடந்தது யாரு?"

"தொட்டிக்குப் பின்னால மூணு அளவுல செருப்புத் தடம் பார்த்தேன். அதை நடுவுக்குக் கொண்டுவர எனக்கு ஒரு மாசம் ஆச்சும்மா" என்று, கட்டடக் கலைஞர் தன் செருப்பைக் கழற்றித் திருப்பிக் காட்டினார், அடி முழுக்கப் புல்லின் பச்சை.