புள்ளி

வாசுகி அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். அதனால்தான் அந்த வினோதம் அவள் கண்ணில் மட்டும் பட்டது. மகள் வரும் பள்ளி வேனை ஓட்டும் ஞானமுத்து, பெற்றோர் குழுவில் போடும் சில செய்திகளில் மெய்யெழுத்தின் மேல் ஒரு புள்ளிகூட விடுபட்டிருக்காது: 'பதினாலு பிள்ளைகளும் ஏறியாச்சுங்க.' சிலவற்றில் ஒரு புள்ளியும் இருக்காது: 'பாலம தாணடிடடேன.' ஒரே ஆள், ஒரே போன். ஒரு வாரச் செய்திகளை வரிசையாகப் பார்த்தாள். புள்ளியில்லாதவை எல்லாம் நாலு பத்துக்கும் நாலரைக்கும் நடுவில் வந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே அவளுடைய கேள்விதான் இருந்தது: 'அண்ணே, எங்க வர்றீங்க?'

அன்று மாலை மகளை இறக்கிவிட்டபோது கேட்டேவிட்டாள். "ஏண்ணே, சிலதுல மட்டும் புள்ளியே வைக்க மாட்டேங்கிறீங்க?"

ஞானமுத்து சிரித்தார். "ஒத்தக் கையால அடிக்கிறேன்ல மேடம். புள்ளிக்குன்னு தனியா ஒரு தட்டு தட்டணும்."

அவருடைய மற்றக் கையைப் பார்த்தாள். அது ஸ்டீயரிங்கின் மேல் லேசாகக் கிடந்தது.

மறுநாள் முழுக்க ஒரு செய்தியை எழுதி, அழித்து, திருத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் குழுவில் அனுப்பினாள்: 'அண்ணே, இனிமே வண்டி ஓட்டும்போது யார் கேட்டாலும் பதில் போடாதீங்க. நானே கேட்டாலும்.' அனுப்பிய பிறகுதான் மணியைப் பார்த்தாள். நாலு இருபது.

பதில் உடனே வந்தது.

'கணடிபபா மேடம. இனிமே வணடி ஓடடுமபோது போனை தொடவே மாடடேன.'