இருமாத இருமல்

"ஐயா, நீங்க இருமினீங்க. காட்டுக்குள்ள வர முடியாது."

கொரில்லா பார்க்கக் கிளம்பின கூட்டத்தை நிறுத்தி வெச்சு வழிகாட்டி பரிஜே இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. செகாம்வா ஐயாவோட பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு அவர் பக்கத்துலயே நின்னவ நான். மனுஷன் இருமவே இல்ல. ஆண்டவர் சாட்சி!

"யாரு, நானா?" செகாம்வா எகிறினார். "கம்பாலாவுலருந்து பத்து மணி நேரம் வண்டியில வந்திருக்கேன். ஊன்றுகோல்கூட வேணாம்னவன். என்னைப் போய் நோயாளிங்கறீங்க?"

"நம்ம சளி அதுங்களுக்குத் தொத்தினா குடும்பத்தோட செத்துடும், ஐயா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவர் சம்சாரம் நல்வங்கா அம்மா இடுப்புல கையை வெச்சுக்கிட்டு முன்னாடி வந்தாங்க. "உங்களுக்கு மனசாட்சி இருக்கா? நாப்பதாவது கல்யாண நாளுக்குப் பிள்ளைங்க அனுப்பி வெச்ச பயணம் இது. உங்க மேல புகார் எழுதாம ஊர் திரும்ப மாட்டேன்!"

புகார்னதும் சுமை தூக்குற நாங்க எல்லாம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். போன மாசம்தான் பரிஜே மேல ஒரு புகார் வந்துச்சு. இன்னொண்ணு வந்தா காட்டை விட்டுட்டு, வாசல்ல வண்டிங்களுக்குத் தடுப்புக் கம்பு தூக்கி இறக்குற வேலைதான்னு அதிகாரி கறாரா சொல்லியிருந்தார். பரிஜேக்குக் காடுன்னா உயிர். ஆனாலும் அசையல.

"கொபுசிங்யே, ஐயாவைப் பத்திரமா முகாமுக்குக் கூட்டிட்டுப் போ"ன்னார் என்கிட்ட.

எனக்கு வயித்தெரிச்சல். சுமை தூக்க எங்களுக்கு முறை வர்றதே பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை. அதுவும் போச்சு.

"என்ன அண்ணே, காதுல ஏதாவது கோளாறா?"ன்னு எங்க பாஷையில கேட்டேன்.

"வாயை மூடிக்கிட்டு நட."

வழியில பொறுக்க முடியாம செகாம்வாகிட்ட சொன்னேன். "ஐயா, கவலைப்படாதீங்க. நீங்க இருமலன்னு நான் சாட்சி சொல்றேன். அந்த ஆளை சும்மா விடக் கூடாது."

அவர் திரும்பிப் பார்த்தார். கூட்டம் காட்டுக்குள்ள மறைஞ்சாச்சு. பொத்துனு ஒரு கல்லு மேல உட்கார்ந்தார்.

"ஐயையோ, சாட்சி கீட்சின்னு கிளம்பிடாதம்மா! காலையில அவர் கையைப் பிடிச்சுக் கெஞ்சினதே நான்தான். முட்டி ரெண்டும் போச்சு. சம்சாரத்துக்கிட்ட மலை ஏற முடியலன்னு எப்படிச் சொல்றது? எதையாவது சொல்லி என்னைத் தடுத்திடுங்கன்னேன். புண்ணியவான், இருமலைக் கண்டுபிடிச்சார்!"

எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்ல. டவுன்ல பஸ்ஸுக்கு நின்னு பழகின காலு, எங்க மலைக்கு வந்தா வேற என்ன பண்ணும்? ஆனா பரிஜேயை நினைச்சா பாவமா இருந்துச்சு. பெருமை இவருக்கு, திட்டு அவருக்கு.

மத்தியானம் கூட்டம் திரும்பி வந்துச்சு. நல்வங்கா அம்மா முழங்கால் வரைக்கும் சேறு, மூஞ்சி முழுக்கப் பல்லு.

"பெரிய ஆண் கொரில்லா ஒண்ணு, அப்படியே உங்களை மாதிரி! தொப்பையைச் சொறிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு!"ன்னாங்க புருஷன்கிட்ட. உடனே குரல் மாறிச்சு. "இருங்க, புகார் எழுதிட்டு வரேன்."

செகாம்வா அவசரமா குறுக்க வந்தார். "விட்டுடு நல்வங்கா, பாவம்..."

"அதெப்படி விடுறது? நீங்க சும்மா இருங்க!"

அம்மா விறுவிறுன்னு அலுவலகம் பக்கம் நடந்தாங்க. பரிஜே வேலை போயிடும்னு பதறி, உண்மையைச் சொல்லியாவது தடுக்கலாம்னு நானும் பின்னாடியே ஓடினேன்.

அவங்க அலுவலகத்துக்குள்ள போகாம வாசலைத் தாண்டிப் போயிட்டாங்க. கொல்லைப்பக்கம் பூட்ஸ் கழுவிக்கிட்டிருந்த பரிஜேயோட ஈரக் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க.

"தம்பி, நீங்க நல்லா இருக்கணும்! முந்தாநாள் போன்ல நான் கெஞ்சினபடியே அவரை ஏற விடாமப் பண்ணிட்டீங்க. முட்டி வலின்னு வாயைத் திறக்க மாட்டார், நான் போகாதீங்கன்னா வீம்புக்கே ஏறுவார். காலையில கொஞ்சம் அதிகமாவே கத்திட்டேன், மன்னிச்சுக்கோங்க. நான் சொல்லித்தான் தடுத்தீங்கன்னு அவருக்கு மட்டும் தெரியவே கூடாது, தம்பி. பாவம், மானஸ்தர்!"