மந்தியின் மணிக்கட்டு

கிளை முறிந்து விழுந்ததில் மந்திக்கு மணிக்கட்டு வீங்கியது. சுளுக்கு என்று நினைத்து ஆட்டிடம் போனது. ஆடு பின்னங்கால் முதலில் வந்து பிறந்தது. அப்படிப் பிறந்தவர் நீவினால் சுளுக்கு போகுமாம்.

"எனக்குப் பிறக்கத்தான் தெரிந்தது, வைத்தியம் தெரியாது அக்கா. எலும்பு விலகியிருந்தால்? கரடி வைத்தியரிடம் போயேன்."

"அவர் கட்டுப் போட்டுக் கையை அசைக்காதே என்பார். குட்டியோடு மரம் ஏறுவது யார்? நீ நீவுடி!"

மழைக்காலம் முழுக்க ஆடு நீவியது. வலி போகவில்லை. கடைசியில் கரடி தொட்டுப் பார்த்தது.

"விலகிய எலும்பு அப்படியே கூடிவிட்டதம்மா. இனி இந்தக் கை கிளையைப் பிடிக்காது."

குட்டி மரத்தில் ஏறிவிட்டுக் கூப்பிட்டது. "அம்மா, வாயேன்!"

"நீ முன்னால் போ ராசா, இதோ வருகிறேன்," என்றது மந்தி, தரையில் உட்கார்ந்தபடி.