ஒரு ஆள் சீட்

யாகூப் தன் வீட்டுத் தகரக் கொட்டகையில் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இடப்பக்க சீட்டுக்குப் புது ரெக்சின் தைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காரில் மொத்தமே இரண்டு சீட்தான். போன மாதம் அவர் அதை வெம்பக்கோட்டை சாலையில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பட்டாசுக் கம்பெனி வெடித்தது. கருகிக் கிடந்த இருவரில் சோணைமுத்துவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். அவன் பிழைத்துக்கொண்டான். திரும்பி வருவதற்குள் முனியராஜுக்கு உயிர் போய்விட்டது. “ஒரு ஆளுக்குத்தான் இடம்” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறார். சோணைமுத்துவின் கருகிய தோல் ஒட்டிய பழைய ரெக்சின் வெயிலில் சுருண்டு கிடக்கிறது. அதைத் தாண்டி முனியராஜின் மனைவி மாரித்தாய் வருகிறாள். “உங்களக் குத்தஞ்சொல்ல வரல பாய். இதுல ஒருக்க உக்காந்து பாக்கட்டா?” யாகூப் ஊசியை எடுத்துவிட்டு ஒதுங்குகிறார். அவள் நடுவில் உட்கார்கிறாள். ரெக்சின் மெல்லக் கிரீச்சிடுகிறது. பிறகு சேலையை ஒடுக்கிக்கொண்டு, முழங்கால்களைச் சேர்த்து, கதவோரமாக நகர்கிறாள். மிச்சமிருக்கும் இடத்தில் உள்ளங்கையை விரித்து வைக்கிறாள். கொட்டகைத் தகரம் வெயிலில் படபடக்கிறது. யாகூப் அந்தக் கையையே பார்க்கிறார். அவள் நிமிராமல் சொல்கிறாள்: “அவுக ஒல்லியான ஆளு, பாய்.”