நான்கு செங்கல்

கட்டைப்பையை இறக்கி வைத்ததும் தோள் விண்ணென்று வலித்தது. உள்ளே நான்கு செங்கல்.

"ஏனுங்க்கா, வீடு கட்டப் போறீங்களா?" என்று ஆட்டோக்காரர் வழியெல்லாம் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் தாரணிக்கு இன்று தமிழ்த் தேர்வு.

பொதுத்தேர்வுக்கு முந்தைய கடைசித் திருப்புதல். இதையும் முழுதாக எழுத முடியாவிட்டால், பொதுத்தேர்வில் தாரணி வாயால் சொல்ல வேண்டும், வேறு யாரோ எழுதுவார்கள். ஹெச்.எம். டீச்சர் நல்ல மனதோடுதான் அப்படிச் சொன்னார். தாரணிக்குத்தான் பொறுக்கவில்லை.

"எனக்குக் கை இருக்குதில்ல?"

கை இருந்தது. மேசைதான் இல்லை.

சக்கர நாற்காலி எந்த மேசைக்கு அடியிலும் நுழையாது. மேசைக் கால்களுக்குச் செங்கல் கொடுக்க வேண்டும். படுக்க வைத்தால் நாற்காலியின் கைப்பிடி இடிக்கும். ஒருக்களித்து நிறுத்தினால் மேசை ஆடும், கூடவே எழுத்தும் ஆடும். பத்து வருடமாக இதே நான்கு செங்கல்.

அரையாண்டுத் தேர்வின் நடுவில் ஒன்று சரிந்தது. எடுத்து நிறுத்துவதற்குள் நேரம் ஓடிவிட்டது. கட்டுரை போயிற்று.

தெரிந்த கட்டுரை.



வகுப்பில் இன்று வேறொரு மேசை கிடந்தது. புதிதில்லை. ஏதோ கம்பெனி வேண்டாமென்று கழித்தது. அங்கே பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்களாம். ஒரு மாடி முழுக்க மேசைகள், உடைபட்டுக் குப்பைக்குப் போக இருந்தவை. அவற்றைக் கேட்டு வாங்கி, வேண்டிய இடங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆறுச்சாமி என்பவருக்கு வேலை. அவர்தான் மேசைக்குப் பின்னால் குனிந்து வயரைச் சொருகிக்கொண்டிருந்தார்.

அவள் மேசையின் கால்களைப் பார்த்தாள்.

நான்கு கால் இல்லை. இரண்டே கால். கீழே நீளமான இரும்புப் பாதங்கள். இதில் செங்கலை எங்கே கொடுப்பது?

"இது சரிப்படாதுங்க. அந்தப் பழைய மேசையவே போடச் சொல்லுங்க."

"கொஞ்சம் பொறுங்க அம்மிணி."

அவர் பலகையின் ஓரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினார்.

மேசை எழுந்தது.

யாரும் தூக்கவில்லை. லேசாக முனகிக்கொண்டு அதுபாட்டுக்கு எழுந்தது. அவள் இடுப்பையும் தாண்டி, நெஞ்சுயரத்துக்குப் போய் நின்றது.

"அட சாமி!"

"இதுக்கு முன்ன இருந்தவரு நின்னுட்டே வேலை பாத்தாராட்ட இருக்குது," என்றார் ஆறுச்சாமி. "அவரு உசரத்த இன்னும் நெனப்பு வெச்சிருக்குது பாருங்க."

தாரணி தலைக்கு மேலே போன மேசையின் அடிப்பாகத்தை அண்ணாந்து பார்த்தாள். யாரோ மென்று ஒட்டிய சூயிங் கம் அங்கே காய்ந்திருந்தது.

"ஆபீஸ்காரங்களும் இதத்தான் பண்றாங்களா!"

"இப்ப நீயே அழுத்து, கண்ணு."

தாரணி அழுத்தினாள்.

மேசை இறங்கியது. மெதுவாக. மகளின் முகத்தைத் தாண்டி, தோளைத் தாண்டி.

இத்தனை வருடமும் தாரணிதான் ஒவ்வொன்றுக்கும் தன்னை வளைத்துக்கொண்டாள். படிக்கு. குழாய்க்கு. பஸ்ஸுக்கு. சுவரில் மாட்டிய கண்ணாடிக்கு. இதோ ஒரு பொருள் அவளைத் தேடி இறங்கி வருகிறது.

முழங்கைக்கு நேராக வந்ததும் தாரணி விரலை எடுத்தாள். மேசை நின்றது.

அம்மாவுக்குக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கூச்சமாக இருந்ததால், பலகையைத் தடவிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

"கரண்டு போயிட்டா என்னங்க பண்றது?"

"நின்ன எடத்துலயே நிக்குமுங்க."

தாரணி நாற்காலியை உருட்டி உள்ளே நுழைந்தாள். எதுவும் இடிக்கவில்லை. இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, பலங்கொண்ட மட்டும் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"அம்மா, அந்தச் செங்கல எடுத்துட்டு வெளிய போ. மணி அடிக்கப் போறாங்க."

வராந்தாவை அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்கள். தரையெல்லாம் ஈரம். அவள் ஜன்னலுக்குக் கீழே செங்கற்களை இரண்டிரண்டாக அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்தாள். பத்து வருடத்தில் முதல்முறையாக அவை அவளுக்கு உதவின.

உள்ளே ஏதாவது சரிகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம்.

ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து அடிஷனல் ஷீட் கேட்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தேர்விலும் இதே இடத்தில் உட்கார்ந்து இந்தக் குரல்களைக் கேட்டிருக்கிறாள். யாருடைய குரல் எது என்றுகூடத் தெரியும். அதில் மகளின் குரல் ஒருநாளும் இருந்ததில்லை. கொடுத்த தாளே அவளுக்கு மிஞ்சிப்போகும்.

கடைசிப் பத்து நிமிடத்துக்கான மணி அடித்தது.

அரையாண்டில் இந்த மணிக்குத்தான் தாரணி, இனி முடியாதென்று பேனாவை மூடி வைத்தாள்.

வராந்தாவில் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எழுந்து எட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது.

பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. யாருடையதோ.

பிறகு அந்தக் குரல். கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் அதட்டலாகக்கூட.

"மிஸ், ஒரு அடிஷனல் ஷீட்!"