முதல் பெஞ்சுக்காரர்

ஃபாதர் பிராங்க்ளின் பிரசங்கத்தை ஆரம்பித்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. கோயிலில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப் பேர் தூங்குகிறவர்களைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் பெஞ்சில் இஞ்ஞாசி மட்டும் தாரை தாரையாக அழுதுகொண்டிருந்தார்.

இஞ்ஞாசிக்குக் காதும் கேட்காது, கண்ணும் தெரியாது. அவருடைய இடது கையை மனைவி மலர்விழி தன் மடியில் இழுத்து வைத்து, உள்ளங்கையில் விரலால் விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தாள்.

ஃபாதருக்கு உடம்பு சிலிர்த்தது. இதோ, ஒரு ஆத்துமா! முடிக்க இருந்த பிரசங்கத்தை மறுபடி ஆபிரகாமிலிருந்து தொடங்கினார்.

கொத்தனாராக இருந்த மனுஷன் இஞ்ஞாசி. ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த மூளைக்காய்ச்சல் பத்தே நாளில் காது, கண் இரண்டையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிச்சம். யார் என்ன பதில் சொல்கிறார்கள் என்று தெரியாமல், ஒரு வருஷம் சுவரோடு சண்டை போட்டுக்கொண்டு கிடந்தார்.

அப்புறம்தான் ஒரு டீச்சர் வந்து, உள்ளங்கையில் எழுத மலர்விழிக்குச் சொல்லிக்கொடுத்தார். புள்ளிக்கு ஒரு குத்து, வார்த்தை முடிந்தால் கையைத் துடைப்பது மாதிரி ஒரு தடவல். ஆரம்பத்தில் அவள் 'குளிக்க வாங்க' என்று எழுத, இவர் 'குடிக்க வாங்க' என்று படித்து, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். அங்கிருந்து விழுந்து எழுந்து ஆறு மாசத்தில் தேறிவிட்டார்கள்.

இந்தப் பங்குக்கு மாற்றலாகி வந்த முதல் ஞாயிறே ஃபாதர் அவர்களைக் கவனித்துவிட்டார். பத்து நிமிஷப் பிரசங்கம் இருபதானது, முப்பதானது. ஒருநாள் நடுவில் கரண்ட் போய், ஃபாதர் செத்துப்போன மைக்கோடு சும்மா நின்றார். மலர்விழியின் விரல் அப்போதும் நிற்கவில்லை. இஞ்ஞாசி திடீரென்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். விட்டுப்போனதை எழுதுகிறாள் போலிருக்கிறது என்று ஃபாதர் உருகிப்போனார்.

போன வாரம் உபதேசியார் அந்தோணிமுத்து பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். "சாமி, செத்த சுருக்குங்களேன். பூசை முடிஞ்சு கறிக்கடைக்குப் போறதுக்குள்ள நல்ல கறியெல்லாம் வித்துப்போகுது, எலும்பும் ஜவ்வுந்தான் கெடைக்குதுங்கிறாக. பாதிச் சனம் அடுத்த பங்குக்குப் போயிரும்போல."

"கேக்க முடியாதவரே கேக்குறாரு. காது இருக்கிற உங்களுக்கு என்னய்யா நோவு?" என்று ஃபாதர் அவர் வாயை அடைத்துவிட்டார்.

இன்று அந்தக் கண்ணீரைப் பார்த்தபிறகு அவரால் பொறுக்க முடியவில்லை. மைக்கோடு பீடத்தை விட்டு இறங்கி வந்தார். "பிரசங்கம் நீளம்னு சொல்றவங்க இவரைப் பாருங்க! ஏம்மா மலர், என் பிரசங்கத்துல அவரு மனசைத் தொட்டது எதுன்னு கேளு. அவரே சொல்லட்டும்."

மலர்விழிக்கு முகம் வெளிறிவிட்டது. "வேணாம் சாமி... அவரு சத்தமாப் பேசிருவாரு."

"பேசட்டும்மா. ஊரே கேக்கட்டும்!"

தூங்கியவர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். அவள் தலையைக் குனிந்தபடி எழுதினாள். இஞ்ஞாசி திடுக்கிட்டு எழுந்தார். ஃபாதர் மைக்கை நீட்டினார்; அந்தக் குரலுக்கு அது தேவையே இல்லை.

"பிரசங்கமா? அது எனக்கு எப்பிடி சாமி தெரியும்? வாரம் பூரா இவ கையி பூக் கட்டும், இல்லேன்னா பாத்திரம் வெளக்கும். நீங்க பேசுற நேரந்தான் சும்மா இருக்கு. ஊர்க்கதை, சண்டை, சமாதானம் அம்புட்டும் எங்களுக்கு அப்பத்தான்."

கோயிலே கொல்லென்று சிரித்தது. உபதேசியார் தூணுக்குப் பின்னால் போய்விட்டார். ஃபாதருக்குக் காது மடல் சிவந்தது. "அப்ப இம்புட்டு நேரம் எதுக்கு அழுதாராம்?"

மலர்விழி எழுதினாள். இஞ்ஞாசியின் முகம் மறுபடி நனைந்தது.

"எங்க மக முழுகாம இருக்காளாம் சாமி. கல்யாணமாகி ஏழு வருஷம். காலையில கோயிலுக்குக் கெளம்பையில ஒட்டன்சத்திரத்துலருந்து போன் வந்துச்சாம்."

சிரிப்பு அப்படியே அடங்கியது. ஃபாதர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா. பிரசங்கத்தை இத்தோட முடிச்சுக்கிறேன்னு சொல்லு."

மலர்விழி அதையும் எழுதினாள். இஞ்ஞாசி பதறிப்போய், காற்றில் துழாவி ஃபாதரின் அங்கியை எட்டிப் பிடித்தார்.

"நிப்பாட்டிராதீங்க சாமி, எத்தனாவது மாசம்னு இவ இன்னும் எழுதல!"