ஸ்டிக்கர் ஒட்ட ஓர் இடம்

பதிப்பகத்தின் பேக்கிங் அறையில் ஒரே புத்தகத்தின் அறுநூறு பிரதிகள் அடுக்கியிருந்தன. இரக்க குணத்தைச் சொல்லும் சிறுவர் படப் புத்தகத்துக்கான முதல் பரிசு அதற்குத்தான். மாலையில் விழா. அதற்குள் ஒவ்வோர் அட்டையிலும் தங்க நிற வட்ட ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும்.

"எங்க ஒட்டணும் சார்?" என்று கேட்டாள், அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த பெண்.

மேனேஜர் அட்டையைத் தூக்கிப் பார்த்தார். நொண்டியபடி பின்னால் வரும் ஆட்டுக்குட்டிக்காக ஒரு மந்தையே நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆட்டு மூஞ்சியில ஒட்டிடாதீங்க. எழுத்தாளர் பேர் மேல பட்டுச்சுன்னா மனுஷன் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரு. கீழ் மூலையில ஒட்டுங்க."

"அங்கயும் ஒரு பேர் இருக்கே சார்."

"படம் போட்டவங்க பேரும்மா. அதை யாரு பாக்கப்போறா? அதுமேலயே ஒட்டுங்க."

அவள் தலையாட்டிவிட்டு ஒட்டத் தொடங்கினாள்.

மூன்று மணிக்கெல்லாம் அறுநூறும் முடிந்திருந்தன. மேனேஜர் நாலைந்தை எடுத்துப் பார்த்து அசந்துபோனார். எதிலும் கோணல் இல்லை. அந்தப் பெயரில் ஓர் எழுத்துகூட வெளியே தெரியவில்லை.

"அளவெடுத்த மாதிரி ஒட்டியிருக்கீங்களே! முன்னாடி இந்த வேலை பாத்திருக்கீங்களா?"

"இல்ல சார்." அவள் விரலில் ஒட்டியிருந்த பசையை உருட்டினாள். "இந்த அட்டையில எது எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன். வரைஞ்சது நான்தான்."

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"மிச்ச ஸ்டிக்கரை எங்க வைக்கணும் சார்?"